தூங்குமூஞ்சி ஈக்களின் சாப்பாடு

ஆராய்ச்சிக் கூடத்தின் பின்பக்கம் ஒரு சமையலறை இருந்தது. அங்கே சமைத்ததை மனிதர் யாரும் சாப்பிட்டதில்லை. சோளமாவு, சர்க்கரை, ஈஸ்ட், கூழை இறுக வைக்கிற கடற்பாசித் தூள், இந்த நான்கையும் அண்டாவில் போட்டுத் தண்ணீர் விட்டு முக்கால் மணி நேரம் கிளற வேண்டும். கை ஓய்ந்தால் அடி பிடிக்கும். அடி பிடித்தால் அன்றைய பாடு அவ்வளவுதான், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதமாக இறக்கி, பால் பாட்டில்களில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி, ஆறவிட்டு, வாயில் பஞ்சு அடைத்து அடுக்குவார்கள். ஒரு நாளைக்கு நானூறு பாட்டில். சாப்பிடப் போகிறவை ஈக்கள். அழுகின வாழைப்பழத்தை மொய்க்குமே, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசாக, அந்த ஈ.

அப்பன் ஆத்தாளிடமிருந்து பிள்ளைக்கும் பேரனுக்கும் என்னென்ன இறங்குகிறது என்று பார்ப்பதுதான் அந்தக் கூடத்தின் பிழைப்பு. மனிதரை வைத்துப் பார்க்கப் போனால் பார்க்கிறவனே செத்துப் போவான். ஈ பத்து நாளில் பிள்ளை பெற்றுவிடும். அதனால் ஈ.

அந்தச் சமையலறையில் பத்தொன்பது வருஷமாக அகப்பை பிடித்தவள் டாக்டர் பட்டம் வாங்கியவள். நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. பட்டம் அவள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது, புருஷனுடைய பட்டத்துக்குக் கீழே, ஒரு சாண் இறக்கி. இரண்டு பேரும் ஒரே வருஷம், ஒரே ஆசிரியரிடம், ஒரே ஈயில் ஆராய்ச்சி செய்தவர்கள். மார்க்கு அவளுக்குத்தான் அதிகம். கல்யாணம் ஆனதும் சேர்ந்தே இங்கே மனுப் போட்டார்கள். ஒரு துறையில் புருஷனும் பெண்டாட்டியும் விஞ்ஞானிகளாக இருக்கக் கூடாது என்று விதி இருந்தது. யார் விலகிக்கொள்ள வேண்டும் என்று விதியில் எழுதியிருக்கவில்லை. அதை எழுதித்தான் தெரிய வேண்டுமா என்ன. அவருக்கு மாடியில் அறை கிடைத்தது, அவளுக்கு 'தற்காலிக உதவியாளர், உணவுப் பிரிவு' என்று ஒரு தாள் கிடைத்தது. அந்தத் தற்காலிகம்தான் பத்தொன்பது வருஷம் ஓடியது. அவர் புரொஃபசர் ஆகி, துறைத் தலைவரும் ஆனார். அவளுக்கு ஆராய்ச்சிக் கூடத்தில் அடுப்படி டாக்டர் என்று பெயர் ஆனது.

சமையலோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. ஈ பிரிக்கிற வேலையும் அவள் தலையில்தான். பெண் ஈ கூட்டை விட்டு வெளியே வந்த எட்டு மணி நேரத்துக்குள் ஆண் ஈக்களிடமிருந்து பிரித்தாக வேண்டும். தவறினால் அது எதனோடு சேர்ந்தது என்று தெரியாது, ஒரு வம்சமே குளறுபடி ஆகிவிடும். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, பகல் ஒன்றரைக்கு ஒரு தடவை, மயக்க மருந்து காட்டி வெள்ளைத் தட்டில் கொட்டுவாள். உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளுவாள். ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, காய்ச்சலும் கிடையாது. அப்பா செத்த அன்றைக்குக் கூடக் காலை ஈயைப் பிரித்து வைத்துவிட்டுத்தான் ரயில் ஏறினாள். மாடியில் புரொஃபசர் எழுதிய கட்டுரைகள் முப்பத்திரண்டு. அத்தனையும் அவள் பிரித்த ஈ, அவள் சமைத்த கூழ். ஒன்றிலும் அவள் பெயர் இல்லை. கடைசியில் நன்றி சொல்கிற வரியில் வாட்ச்மேன் பெயர்கூட ஒரு தடவை வந்திருக்கிறது. புருஷன் பெண்டாட்டி பெயர் ஒரே தாளில் வந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அவர் சொல்லியிருந்தார்.

அவள் ஆசைப்பட்டது பெரிசாக ஒன்றுமில்லை. தான் கண்டுபிடித்த ஒன்று தன் பெயரில் ஒரு தடவை அச்சில் வர வேண்டும். அதற்கப்புறம் அகப்பையைப் பிடித்தபடியே செத்தாலும் சரி என்று இருந்தாள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் தட்டில் ஒரு ஈயைப் பார்த்தாள். மயக்கம் தெளிந்து மற்றதெல்லாம் பறந்துவிட்டது, இது மட்டும் காலை மடக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. தூரிகையால் இடித்தால் இரண்டு எட்டு நகரும், மறுபடி உட்கார்ந்துகொள்ளும். அதன் பிள்ளைகளும் அப்படியே. தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்து, பாட்டில் சீட்டிலும் அப்படியே எழுதினாள். மாடி ஏறியதும் அதற்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த மரியாதையான பெயர் வந்தது. மற்ற ஈக்கள் அறுபது நாளில் செத்தால் தூங்குமூஞ்சிகள் தொண்ணூறு நாள் இருந்தன. ஒரு மரபணு கெட்டதால் ஆயுள் ஒன்றரை மடங்கு கூடியது என்று புரொஃபசர் எழுதினார். எழுதினதோடு அவர் எங்கேயோ போய்விட்டார். வெளிநாட்டு மாநாடு என்ன, பத்திரிகையில் போட்டோ என்ன, அடுத்த இயக்குநர் அவர்தான் என்ற பேச்சு என்ன.

தூங்குமூஞ்சி வம்சத்தில் ஆரம்பத்திலிருந்தே, அவர் எழுதுவதற்கு ரொம்ப முன்னாலேயே, ஒரு சங்கடம் இருந்தது. அதன் புழுக்கள் நோஞ்சான்கள், கொஞ்சமாகத்தான் தின்னும். மிஞ்சின கூழில் ஈஸ்ட் பொங்கிப் பூசணம் பிடித்துப் பாட்டிலே நாறும். சாப்பிடாத பிள்ளைக்குத் தனியாகக் கரைத்து ஊட்டுகிற மாதிரி, அவற்றுக்கு மட்டும் சின்னப் பாத்திரத்தில், ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்துக் காய்ச்ச ஆரம்பித்தாள். நோட்டில் தேதி போட்டு எழுதினாள். அன்றைக்கே புருஷனிடமும் சொன்னாள். "அடுப்படி சமாச்சாரத்தை எல்லாம் எங்கிட்ட கொண்டு வராத" என்று அவர் சொன்னார்.

ஈ வளர்க்கத் தெரிந்தவர்கள் சமைக்க மாட்டார்கள், சமைக்கிறவர்களுக்கு ஈயைப் பற்றித் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒருத்தி இருந்ததால்தான் பாதி ஈஸ்ட் என்கிற அந்தத் தப்பு நடந்தது. இரண்டும் தெரிந்ததால்தான் அது தப்பில்லை என்று கண்டுபிடித்தவளும் அவளே.

கூழ் ஆறுகிற நேரத்தில் ஒரு நாள் அவளுக்குப் பொறி தட்டியது. ஆயுளைக் கூட்டியது மரபணுதானா, இல்லை பாதி ஈஸ்ட்டா? யாரிடமும் சொல்லாமல் சமையலறையின் கடைசி அலமாரியில் சாதாரண ஈக்களை வைத்து அவற்றுக்கும் பாதி ஈஸ்ட் கொடுத்தாள். தூங்குமூஞ்சிகள் கொஞ்சத்துக்கு முழு ஈஸ்ட் கொடுத்தாள். இரண்டு நாளைக்கு ஒரு தடவை செத்ததை எண்ணி எழுதினாள். இரண்டு வருஷத்தில் மூன்று தடவை செய்தாள். மூன்று தடவையும் ஒரே பதில் வந்தது.

மூன்றாவது தடவையின் கடைசி ஈ செத்த காலையில் அவள் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பாட்டில் கழுவுகிறவள் தொட்டியில் முழங்கை வரை சோப்பு நுரையோடு திரும்பிப் பார்த்தாள். கூடம் முழுக்க இவளை டாக்டரம்மா என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான்.

"என்ன டாக்டரம்மா, அந்தப் பாட்டிலையே பாத்துட்டு நிக்கிறீங்க? செத்த ஈ எழுந்து நடக்கப் போவுதா?"

"தொண்ணூத்தோரு நாள்."

"எது?"

"இந்த ஈ. ஒரு குறையும் இல்லாத சாதாரண ஈ. அறுபது நாள்ல போயிருக்கணும்."

"அப்படி என்னத்தக் குடுத்தீங்க அதுக்கு?"

"குடுக்கல. குறைச்சேன். ஈஸ்ட்டைப் பாதியா குறைச்சேன், வேற ஒண்ணும் பண்ணல. முழுசா குடுத்தா தூங்குமூஞ்சியும் அறுபது நாள்லயே செத்துடுது."

கழுவுகிறவள் கை நுரையை உதறினாள். "கம்மியா தின்னா ரொம்ப நாள் இருக்கலாம்ங்கறீங்க. அப்படிப் பாத்தா எனக்கு இந்நேரம் இருநூறு வயசு ஆகியிருக்கணும்."

இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்போ சாரு கண்டுபிடிச்சது?" என்று கழுவுகிறவள் கேட்டாள்.

"அதுதான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"சொல்லாம இருந்துடுங்களேன்."

"இது என்னுது. எப்படிச் சொல்லாம இருக்கறது?"

பன்னிரண்டு பக்கம் எழுதித் தானே தட்டச்சு அடித்தாள். படத்தையும் தானே வரைந்தாள். எத்தனை நாளில் எத்தனை ஈ உயிரோடு இருந்தது என்று மேலிருந்து கீழே இறங்குகிற கோடு. ஏழாவது வாரம் கரண்டு போய் அறை சூடேறி ஒரே நாளில் பதினேழு ஈ செத்திருந்தது. அந்த இடத்தில் கோடு படி இறங்கின மாதிரி சரிந்தது. மறைக்காமல் அப்படியே போட்டாள். துறைத் தலைவர் கையெழுத்து இல்லாமல் எந்தக் கட்டுரையும் கூடத்து வாசலைத் தாண்டாது. அதனால் அன்று மாலை அதை வீட்டில் புருஷனிடம் கொடுத்தாள்.

அந்த வீட்டில் மூன்று பேர். அவர், இவள், அவருடைய அக்கா. நாத்தனார் புருஷனைப் பறிகொடுத்துத் தம்பி வீட்டுக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. வீட்டுச் சாவி அவள் இடுப்பில்தான். இவளுக்குப் பிள்ளை இல்லை. அதை நாத்தனார் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக் காட்டுவாள், வீடு பெருக்குகிற மாதிரி ஒரு வேலையாக. "ஈயெல்லாம் இவ கையில ஆயிரம் ஆயிரமா பெத்துப் போடுது" என்பாள். அதற்குமேல் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

புரொஃபசர் நின்றபடியே மூன்று பக்கம் படித்தார். நாலாவது பக்கத்தில் உட்கார்ந்தார். படத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு தாள்களை அடுக்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

"இப்ப வேண்டாம்" என்றார்.

"எப்ப?"

"நான் சொல்றேன்."

"மூணு தடவை பண்ணிட்டேங்க. தப்பே இல்ல. உங்க மேல குறை வராத மாதிரிதான் எழுதியிருக்கேன்."

"இது வெளிய போனா தூங்குமூஞ்சி என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். அது வெறும் சோம்பேறி ஈதான்னு ஆகும்."

"நான் என்ன ஆவேன்?"

நாத்தனார் ரொட்டித் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தாள். "சாப்பாட்டு வேளையில என்னடா தம்பி, மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. இவ சமையல் ஈக்குப் பிடிக்கலையாம், புகார் குடுத்திருக்கு."

நாத்தனார் சத்தம் போட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். இவளும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு ரொட்டியைப் பரிமாறினாள். அப்படித்தான் அந்த வீடு நடந்தது.

ஏழு மாதம் டிராயர் திறக்கவில்லை. இரண்டு தடவை கேட்டாள். இரண்டாவது தடவை, "உன் வேலையைப் பாரு" என்ற பதில் வந்தது. அவள் வேலையைப் பார்த்தாள். கூழ் கிளறினாள், ஈ பிரித்தாள்.

எட்டாவது மாதம் வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே ஒரு பெரிய பேராசிரியர் தூங்குமூஞ்சிகளை வரவழைத்து நாலாயிரம் ஈ வளர்த்துப் பார்த்திருக்கிறார். ஒன்றுகூட அறுபத்தைந்து நாளைத் தாண்டவில்லை. உங்கள் ஈக்களுக்கு என்ன சாப்பாடு கொடுத்தீர்கள், அளவோடு தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார். இயக்குநர் பதவிக்கு ஆள் தேர்ந்தெடுக்கிற கூட்டத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் புரொஃபசர் சமையலறைக்கு வந்தார். பத்தொன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. தரையில் சிந்தின கூழில் அவர் ஷூ ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. கழுவுகிறவளை வெளியே போகச் சொன்னார். உட்கார நாற்காலி இல்லை, சோளமாவு மூட்டை மேல் உட்கார்ந்தார். மனிதர் ஒரே வாரத்தில் வற்றியிருந்தார். அவளுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

"சாப்பாட்டுல என்ன போட்டீங்கன்னு கேக்கறாங்க."

"பாதி ஈஸ்ட்னு சொல்லுங்க."

"சொல்லித்தான் ஆகணும். எப்படிச் சொல்றதுன்னுதான் பாக்கறேன்." ஷூவைப் பார்த்தபடியே பேசினார். "பாட்டில் கழுவுற பொம்பளை அளவு தெரியாம குறைச்சுப் போட்டுட்டான்னு எழுதிடலாம். அவளுக்கு ஒண்ணும் ஆகாது. வேற எங்கயாவது பெருக்கற வேலைக்கு மாத்திடுவாங்க."

"அவளா? ஈஸ்ட் டப்பாவை நான் அவளைத் தொடவே விட்டதில்ல."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். தெரியாமப் போட்டதுன்னு எப்படிங்க எழுதுவீங்க? அது யோசிச்சுப் பண்ணது. தேதி போட்டு எழுதியிருக்கு. அதுல இருந்துதான் அந்தப் பன்னண்டு பக்கமும் வந்தது. அவ மேல போட்டா அப்புறம் அது என்னுதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். ரொம்ப நாள் கழித்து நிதானமாகப் பார்த்தார்.

"அப்ப உன் பேரைப் போடச் சொல்றியா?"

அவள் அகப்பையை அண்டாவிலேயே விட்டுவிட்டாள்.

"போடுங்க."

"முழுப் பேரா?"

"முழுப் பேரு. இனிஷியலோட."

"அப்புறம் எம்மேல குறை சொல்லக் கூடாது."

"நான் ஏங்க குறை சொல்லப் போறேன்."

"சரி. அப்ப ஒரு பக்கம் எழுதிக் குடு. எந்த வருஷத்துல இருந்து, எவ்வளவு குறைச்ச, ஏன் குறைச்ச. நோட்டையும் குடு. கூட வெச்சு அனுப்பணும்."

"உங்ககிட்ட அன்னைக்கே சொன்னேன்னும் எழுதறேன்."

அவர் எழுந்து பக்கத்தில் வந்தார். குரலை இறக்கினார். "அதை மட்டும் விட்டுடு. நீ வந்து சொன்ன, நான்தான் காதுல வாங்கல. அதை எழுதினா எனக்கு அசிங்கம். இந்த ஒண்ணு மட்டும் எனக்காகப் பண்ணு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் 'எனக்காக' என்று கேட்டது அது ஒன்றுதான். பாவி மகள், அந்த ஒரு வரியை விட்டுவிட்டாள். குண்டு குண்டு எழுத்தில் ஒரு பக்கம் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதற்குள் அண்டாவில் கூழ் அடி பிடித்து அறை பூராவும் தீய்ந்த வாடை. கழுவுகிறவள் ஓடிவந்து அண்டாவை இறக்கினாள்.

"என்ன டாக்டரம்மா, நீங்க அடி பிடிக்க விட்டு நான் பாத்ததே இல்லையே."

"என் பேரு வரப் போவுது" என்றாள் இவள். "அச்சுல. இனிஷியலோட."

"அந்தப் பன்னண்டு பக்கமா?"

"அதேதான்."

கழுவுகிறவள் ஈரக் கையாலேயே அவள் கன்னத்தைத் தொட்டாள். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து அண்டாவைச் சுரண்டினார்கள். இவள் வாய் ஓயாமல் பேசினாள்.

அந்த இரண்டு மாதம் அவள் இருந்த இருப்பை என்னவென்று சொல்வது. வீட்டில் கறி நறுக்கும்போது பாட்டு முணுமுணுத்தாள். "என்னம்மா, புதுசா?" என்று நாத்தனார் கேட்டபோது, "என் பேரு பத்திரிகையில வரப் போவுது அண்ணி" என்று சொல்லிவிட்டாள். "உன் பேரா? எதுக்கு?" என்று நாத்தனார் கேட்டாள். "நான் கண்டுபிடிச்சதுக்கு" என்றாள். நாத்தனார் உதட்டைப் பிதுக்கினாள். ஆனாலும் அன்றைக்கு இரண்டாவது காப்பியைத் தானே கலந்து கொடுத்தாள்.

இரண்டாவது மாதக் கடைசியில் ஆபீஸ் குமாஸ்தா சமையலறைக் கதவில் ஒரு தாளை ஒட்டினார். உணவுப் பிரிவு மூடப்படுகிறது, இனிமேல் ஈ உணவு தயாராகக் கலந்த பொடியாகக் கம்பெனியிலிருந்து வாங்கப்படும், உணவுப் பிரிவின் இரண்டு தற்காலிகப் பணியாளர்களின் பணியும் இந்த மாதத்தோடு முடிகிறது. அவ்வளவுதான். காரணம் எழுதவில்லை.

அவள் மாடி ஏறிப் புருஷனிடம் கேட்டாள். "கமிட்டி முடிவு" என்றார் அவர். "நீ இனிமே அடுப்புல வேக வேண்டாம், அது நல்லதுதானே. பத்திரிகை வரட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

பத்திரிகை வந்தால் தன்னைக் கீழே வைக்க முடியாது, மாடியில் ஒரு நாற்காலி கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆசை கண்ணை மறைத்தால் டாக்டர் பட்டம் என்ன செய்யும்.

கடைசி நாள் இரண்டு பேரும் பாட்டில்களை எண்ணி ஒப்படைத்தார்கள். ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம். கழுவுகிறவள் தன் ரப்பர் கையுறையை உதறி ஆணியில் மாட்டினாள். பிறகு, இனி யாருக்கு என்று நினைத்தவள் போல எடுத்துக் குப்பையில் போட்டாள்.

"குமாஸ்தா ஒண்ணு சொன்னாரு டாக்டரம்மா. மொதல்ல எம்மேலதான் பழியப் போடறதா இருந்துச்சாம். நீங்கதான் வேண்டாம்னீங்களாம்."

"பழி என்ன பழி. நீ ஒண்ணும் பண்ணலயே."

"போட விட்டிருக்கலாமே. எனக்கு இந்த வேல எப்படியும் போயிருக்கும். பேரு கெட்டா எனக்கென்ன, நான் என்ன படிக்கவா போறேன் அதை? உங்களுக்காவது இங்க ஒரு மூலை மிஞ்சியிருக்கும்."

"உனக்குப் புரியல. அது பழி இல்ல. நான் கண்டுபிடிச்சது."

கழுவுகிறவள் "சரி டாக்டரம்மா" என்றாள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்திரிகை வந்தது ஒரு சனிக்கிழமை. புரொஃபசர் இயக்குநராகிவிட்டார் என்று அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் தெரிந்திருந்தது. அன்றைக்கு மாலை வீட்டில் பதினாலு பேருக்கு விருந்து. அவள் நாலு கோழியைச் சுத்தம் செய்து வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தபால்காரர் கொடுத்த உறையை நாத்தனார்தான் வாங்கிப் பிரித்தாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. எழுத்துக் கூட்டிப் பெயர் மட்டும் படிப்பாள். தம்பி பெயரைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டி, எங்கேயோ விரல் நின்றது.

"ஏம்மா, இங்க வா. உன் பேரு இருக்கு."

அவள் கையைக்கூடத் துடைக்கவில்லை. நாத்தனார் விரல் வைத்த இடத்தில் அவள் பெயர் இருந்தது. முழுப் பெயர். இனிஷியலோடு. ஒரு எழுத்தும் பிசகாமல்.

"பரவால்ல, சொன்னபடி போட்டுட்டான் என் தம்பி" என்றாள் நாத்தனார். குரலில் நிஜமாகவே சந்தோஷம் இருந்தது. உட்கார்ந்து சேலையைச் சரி செய்துகொண்டாள். "என்ன எழுதியிருக்கு? படிச்சுச் சொல்லு, கேக்கறேன்."

பெட்டி கட்டின ஒரு சின்னப் பத்தி அது. தலைப்பில் பிழைதிருத்தம் என்று இருந்தது. அவள் முதலில் மனதுக்குள் படித்தாள். வெங்காயக் கை தாளில் ஈரம் பண்ணியது.

"வாய விட்டுப் படி" என்றாள் நாத்தனார்.

அவள் படித்தாள். ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னாள். இந்த ஆய்வுக்கூடத்திலிருந்து முன்பு வெளியான முடிவு தவறு என்று தெரிய வந்துள்ளது. உணவுப் பிரிவில் தற்காலிக உதவியாளராக இருந்தவர், ஆய்வாளர்களுக்குத் தெரிவிக்காமல், தன் விருப்பப்படி ஈக்களின் உணவில் ஈஸ்ட்டின் அளவைக் குறைத்து வந்துள்ளார். இதைத் தன் கைப்பட எழுதி ஒப்புக்கொண்டுள்ளார். அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். பிழைக்கு வருந்துகிறோம். உதவியாளர் என்ற சொல்லுக்கு அடுத்துதான் அவள் பெயர். டாக்டர் என்று முன்னால் போடவில்லை.

நாத்தனார் எழுந்துவிட்டாள். "அப்ப நீதான் கெடுத்தியா?"

அவள் பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பக்கத்தில் ஒரு புதுக் கட்டுரை ஆரம்பித்தது. உணவைக் குறைத்தால் ஆயுள் கூடுகிறது என்று தலைப்பு. எழுதியவர்கள் இரண்டு பேர், அந்த வெளிநாட்டுப் பேராசிரியரும் புரொஃபசரும். பன்னிரண்டு பக்கம். அவள் வாக்கியங்களை அவளுக்குத் தெரியாதா. நாலாவது பக்கத்தில் படம் இருந்தது. கோடு மேலிருந்து இறங்கி வந்து ஏழாவது வாரத்தில் படி இறங்கின மாதிரி சரிந்திருந்தது. கரண்டு போன நாளில் செத்த பதினேழு ஈயும் அங்கே இருந்தன. கடைசி வரிக்குப் போய் நன்றி சொல்லியிருந்த பெயர்களைப் பார்த்தாள். அதில் அவள் இல்லை.

"அதுல என்ன?" என்றாள் நாத்தனார்.

"அவரு கண்டுபிடிச்சது."

"என்ன கண்டுபிடிச்சான்?"

"கம்மியா சாப்பிட்டா ரொம்ப நாள் இருக்கலாம்னு."

நாத்தனாருக்குச் சிரிப்பும் பெருமையும் சேர்ந்து வந்தது. "பாத்தியா, நீ கெடுத்து வெச்சதுல இருந்தே ஒண்ணக் கண்டுபிடிச்சிட்டான். அதுக்குத்தான் தலை வேணுங்கறது."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. புரொஃபசர் புதுச் சட்டையில் இருந்தார். அவள் கையில் பத்திரிகையைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"வந்துடுச்சா? பேரு சரியா இருக்குல்ல? ப்ரூஃப் நானே பாத்தேன்."

"நான் குடுத்த பன்னண்டு பக்கம்..." என்று ஆரம்பித்தாள்.

"எந்தப் பன்னண்டு பக்கம்?" என்றார் அவர். கோபமே இல்லை. "நீ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தது ஒரு பக்கம். அது ஆபீஸ் ஃபைல்ல பத்திரமா இருக்கு. கழுவறவ பேரைப் போடலாம்னு நான் சொன்னேன். நீதான் உன் பேரைப் போடணும்னு நின்ன. குறை சொல்ல மாட்டேன்னும் சொன்ன."

அவர் குளிக்கப் போனார். உள்ளேயிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் வந்தது. அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. யாரிடம் போய் எதைக் காட்டிக் கத்துவது? நோட்டும் அவரிடம், பன்னிரண்டு பக்கமும் அவரிடம். விட்டுவிட்ட அந்த ஒரு வரி எங்கேயும் இல்லை.

நாத்தனார் அவள் கையிலிருந்து பத்திரிகையை வாங்கினாள். வெங்காய ஈரம் பட்ட இடத்தைச் சேலை முனையால் துடைத்தாள். வருகிறவர்கள் பார்க்கும்படி அந்தப் புதுக் கட்டுரை இருந்த பக்கத்தை மடக்கி, கூடத்து மேஜைமேல் விரித்து வைத்தாள்.

"மணி அஞ்சாச்சு. பதினாலு பேரு வராங்க" என்றாள் அடுப்படிக்கு வந்து. "இதுலயாவது எதையும் கொறச்சுப் போட்டு வெச்சுடாத."

அவள் அரிசி டப்பாவைத் திறந்தாள். ஆழாக்கைத் தலை தட்டி அளந்தாள். பதினாலு பேருக்கும் வீட்டு ஆட்களுக்குமாக, ஒரு மணி குறையாமல் அளந்து போட்டாள்.